இன்றைய பூ விலை கேட்டால் பழைய விலையைச் சொல்கிறது ஏஜென்ட், டூல் விளக்கத்தில் என்ன தப்பு?

கேட்டவர்:
தோவாளைப் பூச்சந்தையில் மாமாவுக்குக் கடை. விடியும் முன்பே "பிச்சி என்ன வெலை, மல்லி என்ன வெலை" என்று போன் ஓயாது, ஓணம் நேரத்தில் கேரள வியாபாரிகளும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். அதற்காக வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் ஒன்று செய்து கொடுத்தேன். விவரம் வேண்டும்போது ஏஜென்ட் கூப்பிடும் நிரல் துண்டு, அதாவது டூல், இரண்டு இருக்கிறது (நிரலில் பெயர் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்). 'விலை_எடு' விளக்கம்: "பூவின் விலையைத் தரும்." 'விலை_விவரம்' விளக்கம்: "பூக்களின் விலை விவரம்." முதலாவது மாமா அன்றன்று பதியும் விலை, அடுத்தது பழைய கணக்கு. இன்றைய விலை கேட்டால் பாதி நேரம் பழைய கணக்கைப் புரட்டிச் சொல்கிறது. நேற்று அதைவிட மோசம், திருவனந்தபுரத்துக்காரர் ஒருவரிடம் பிச்சி கிலோ 0 ரூபாய் என்று சொல்லிவிட்டது, அவரும் சிரிக்காமல் பத்து கிலோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். பின்னாலிருந்து பதில் எழுதும் ஏஐ மாடலை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான்.

பதில் 1:
மாடல் பாவம், விட்டுவிடுங்கள். உங்கள் நிரல் அதன் கண்ணில் படுவதே இல்லை. டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற அமைப்பு), இவ்வளவுதான் அதற்குத் தெரியும். பெயரை மறைத்துவிட்டு உங்கள் இரண்டு விளக்கங்களையும் வாசியுங்கள், எது எதென்று உங்களுக்கே பிடிபடாது. ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதச் சொல்லி, கிளாட் மாடலைச் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆவணத்திலேயே இருக்கிறது. நானாக இருந்தால் முதல் டூலுக்கு இப்படி எழுதுவேன்:

"தோவாளையில் இந்தக் கடையின் இன்றைய விலையை, ஒரு பூவுக்கு, கிலோ கணக்கில் ரூபாயில் தரும். 'இன்னைக்கு என்ன வெலை', 'இப்ப என்ன போகுது' என்று கேட்டால் இதைக் கூப்பிடு. நேற்றைய விலைக்கும் போன மாத விலைக்கும் இதைக் கூப்பிடாதே, அதற்கு 'பழைய_விலை' இருக்கிறது. கட்டிய பூவின் முழ விலை இதில் கிடையாது."

இரண்டாவது டூலின் பெயரையும் 'பழைய_விலை' என்றே மாற்றிவிடுங்கள்.

பதில் 2:
அந்த 0 ரூபாய் விளக்கத்தின் தப்பு இல்லை. விலை பதியாத நேரத்தில் உங்கள் ஃபங்ஷன் 0 அனுப்புகிறது, ஏஜென்ட் அதை விலை என்றே நம்புகிறது. 0-வுக்குப் பதில் "இன்றைய விலை இன்னும் பதியவில்லை, எந்த விலையும் சொல்லாதே, கடைக்குப் போன் பண்ணச் சொல்" என்று வாக்கியமாகவே அனுப்புங்கள். அப்புறம், பூப்பெயரை இஷ்டம்போல் எழுத விட்டிருந்தால் அதையும் பட்டியலாக்கி, இதற்குள்தான் எடுக்க வேண்டும் என்று கட்டிப் போடுங்கள். நாம் பிச்சி என்பதை வெளியூர்க்காரர் ஜாதிமல்லி என்பார், மாடல் அதை மல்லி என்று எடுத்துவிடும். "பிச்சி: ஜாதிமல்லியும் இதுதான், மல்லி வேறு" என்று பூப்பெயர் உள்ளீட்டின் விளக்கத்தில் ஒரு வரி போதும்.

பதில் 3:
இதையெல்லாம் சிஸ்டம் பிராம்ப்டில் (ஏஜென்டுக்கு முதலிலேயே கொடுக்கும் பொது அறிவுரையில்) கொட்டிவிட்டால் ஆகாதா? விளக்கம் நீண்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டி எண்ணும் துண்டு, காசு அந்தக் கணக்கில்தான்) போகும், அதுவும் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகமாகவே தின்னும்.

பதில் 1:
ஆகும், ஆனால் டூல் பத்தாகும்போது எந்த வரி எதற்கு என்று நீங்களே தேடுவீர்கள். டோக்கன் கவலை என்றால் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம், பூப்பெயரையும் ஆட்கள் கேட்கும் விதத்தையும் மட்டும் தமிழில் விடுங்கள். பத்து கிலோ பிச்சியைவிட டோக்கன் மலிவு.

கேட்டவர்:
எல்லாம் மாற்றியாச்சு. புது விளக்கத்தை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன், நிரல் என்றால் என்னவென்று தெரியாத மனுஷன், கேட்டதும் "எந்த நேரத்து வெலைடே மக்கா இது?" என்றார். சரிதானே, விடியற்காலை விலையும் ஒன்பது மணி விலையும் ஒன்றா? இப்போது விலையோடு பதிந்த நேரமும் வருகிறது, ஏஜென்ட் அதையும் சொல்லிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்திருந்த பழைய கேள்விகள் 20 எடுத்துப் போட்டுப் பார்த்தேன், 18 சரி. தப்பாகப் போன இரண்டுமே தாமரை, கிலோ விலை சொல்லியிருக்கிறது. தாமரையை எண்ணித்தானே விற்கிறோம்! "கிலோ கணக்கில்" என்று நாம் எழுதிக் கொடுத்ததை அது அப்படியே பிடித்துக்கொண்டது. பாக்கெட்டில் போகும் ரோஜாவும் இதே மாதிரி மாட்டியிருக்கும், யாரும் கேட்காததால் தப்பியது. கிலோ, எண்ணம், பாக்கெட் மூன்றையும் விலையோடு சேர்த்தே அனுப்ப இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன்.