தான்சானியாவில் இருக்கும் தங்கைக்காகக் கேட்கிறேன்

நெல்லைச் சொந்தங்களுக்கு வணக்கம். எங்களுக்கு அம்பாசமுத்திரம். என் தங்கை தன்னார்வலராகக் கணக்குப் பாடம் நடத்த தான்சானியா போய் ஆறு வாரம் ஆகிறது. விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் முவான்சா நகரம். ஒரு வருஷம் இருக்க வேண்டும்.

வேலை பிடித்திருக்கிறது. அன்றாடப் பாடுதான் இன்னும் பழகவில்லை. சுவாஹிலியில் மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுவார்களாம். நமக்கு ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. ‘இரண்டு மணிக்கு வா’ என்று அழைத்த வீட்டுக்கு மதியம் போய் நின்றிருக்கிறாள். அவர்கள் காலை எட்டு மணிக்கே டீ போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். அதைச் சொல்லும்போதே அவள் குரல் கம்மிவிட்டது.

தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்த பிள்ளை. அங்கே கண்ணெதிரே கடல் மாதிரி ஏரி, ஆனால் இறங்க முடியாது. நத்தை மூலம் பரவும் புழு தோல் வழியாக உடம்புக்குள் போய்விடும். வாளித் தண்ணீர்தான்.

சாப்பாடு, மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி. கூடவே டகா என்ற காய்ந்த பொடிமீன். நம்ம நெத்திலிக் கருவாடு மாதிரி இருப்பதால் இறங்குகிறதாம். சொதிக்கும் தோசைக்கும்தான் ஏங்குகிறாள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தவர்கள் சொல்லுங்கள். உளுந்து எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்? கரி அடுப்பில் தோசை சரியாக வருமா? அடுத்த மாதம் தெரிந்தவர் ஒருவர் போகிறார், ஐந்து கிலோ கொடுத்துவிடலாம். அம்மா அல்வாவையும் இட்லிப்பொடியையும் எடுத்து வைத்துவிட்டாள். அப்புறம் வேறு எது அவளுக்கு உண்மையிலேயே உதவும்?