ஜிஆர் எல்பிடி (குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் லைகண்ட் பிணையும் பகுதி) புரதம் முழுக்க பெல்லட்டில் (சுழற்றியபின் அடியில் படியும் கரையாத பகுதி) போகிறது. யூரியாவில் மீட்கலாமா?

நீலப்பட்டை:
மனித குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியில் லைகண்ட் (ஏற்பியைப் பிடிக்கும் சிறு மூலக்கூறு, இங்கே ஸ்டீராய்டு) பிணையும் பகுதி மட்டும், அமினோ அமிலம் 521 முதல் 777 வரை, முன்னால் ஆறு ஹிஸ்டிடின் டேக். பிஎல்21 டிஇ3 பாக்டீரியா செல், 37 டிகிரி, 1 மில்லிமோலார் ஐபிடிஜி (புரத உற்பத்தியைத் தூண்டுவது), 4 மணி நேரம். ஜெல்லில் 31 கிலோடால்டன் பக்கம் தடித்த பட்டை வருகிறது. சோனிக்கேட் செய்து சுழற்றினால் அத்தனையும் பெல்லட்டில். 8 மோலார் யூரியாவில் கரைத்து மறுபடி மடிக்கலாமா? கடைசியில் ஃப்ளூரசன்ஸ் போலரைசேஷனில் (ஒளிரும் சிறு மூலக்கூறு புரதத்தில் ஒட்டினால் மதிப்பு ஏறும் முறை) பிணைப்பு அளக்க வேண்டும்.

செரின்602:
யூரியா பக்கம் போகாதீர்கள். மடிந்தது போலத் தெரியும், ஹார்மோனைப் பிடிக்காது. இந்தப் பகுதியின் பிணைப்புக் குழி பெரும்பாலும் எண்ணெய்த்தன்மை. உள்ளே ஸ்டீராய்டு இல்லாவிட்டால் குழி தளர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் புரதம் உருவாகும்போதே லைகண்ட் கூட இருக்க வேண்டும்.

முதலில், புரதம் கரைவதற்காக, 602-ஆவது ஃபினைல்அலனினைச் செரினாக மாற்றுங்கள், ஒரு ஜோடி பிரைமர் போதும். 2002-இல் வெளிவந்த, டெக்ஸாமெதாசோன் (செயற்கை ஸ்டீராய்டு) பிணைந்த படிக அமைப்பும் இந்த மாற்றத்தோடுதான் கிடைத்தது.

பிறகு ஓடி (செல் வளர்ந்த அளவைக் காட்டும் கலங்கல் எண்) 0.6 முதல் 0.8 வந்ததும் ஃபிளாஸ்க்கை 16 டிகிரிக்கு இறக்குங்கள். டெக்ஸாமெதாசோன் 100 மைக்ரோமோலார் வரும்படி சேருங்கள்: டிஎம்எஸ்ஓ-வில் 50 மில்லிமோலார் ஸ்டாக் என்றால் லிட்டருக்கு 2 மில்லி. (கையுறை கட்டாயம், டிஎம்எஸ்ஓ மருந்தையும் தோலுக்குள் இழுத்துப் போகும்.) ஐபிடிஜி 0.1 மில்லிமோலார் போதும், இரவு முழுக்க ஓடட்டும்.

லைசிஸ் பஃபரில் 10 சதவீதம் கிளிசரால், 1 சதவீதம் சாப்ஸ் (டிடர்ஜென்ட்), 1 மில்லிமோலார் டிசெப் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது), 50 மைக்ரோமோலார் டெக்ஸாமெதாசோன். நிக்கல் காலத்தை (ஹிஸ்டிடின் டேக்கைப் பிடிக்கும் வடிகுழாய்) கழுவும் பஃபர், இறக்கும் பஃபர், டயாலிசிஸ் எல்லாவற்றிலும் அதே ஸ்டீராய்டு இருக்க வேண்டும். ஒரே ஒரு பஃபரில் விட்டாலும் குழாய் கலங்கிவிடும். டிசெப்புக்குப் பதிலாக டிடிடி வேண்டாம், நிக்கல் பழுப்பாகிவிடும்.

நீலப்பட்டை:
நன்றி. எம்பிபி டேக் (கரைய உதவும் மால்டோஸ் பிணைப்புப் புரதம்) போட்டால் 602-ஆவது இடத்துப் பாயிண்ட் மியூட்டேஷன் இல்லாமலே ஒப்பேற்றலாமா?

வாய்டுவால்யூம்:
எம்பிபி கரைக்கும், ஆனால் கரைந்ததெல்லாம் மடிந்தது என்று நம்ப வேண்டாம். சூப்பர்டெக்ஸ் 200, 10/300 காலத்தில் (புரதங்களை அளவுப்படி பிரிக்கும் வடிகுழாய், பெரியவை முதலில் வரும்) ஓட்டிப் பாருங்கள். 8 மில்லி அருகே வந்தால் அது கொத்து. டேக்கை வெட்டியதும் வெள்ளையாகப் படியும்.

ட்ரேசர்:
கரைவதை விடப் பெரிய பொறி அளவீட்டில் இருக்கிறது. மேலே சொன்ன முறையில் கிடைக்கும் புரதத்தின் குழியில் ஏற்கெனவே டெக்ஸாமெதாசோன் உட்கார்ந்திருக்கும். புரதம் 1 மைக்ரோமோலார் எடுத்தால் கூடவே 1 மைக்ரோமோலார் டெக்ஸாமெதாசோனாவது வரும். அளவீட்டுக்குச் சேர்க்கும் 5 நானோமோலார் ஃப்ளூரசீன் டெக்ஸாமெதாசோன் (ஒளிரும் சாயம் ஒட்டியது) அதற்கு முன் 200-இல் ஒரு பங்கு. போலரைசேஷன் அசையாது, "புரதம் செத்துவிட்டது" என்று தப்பாக முடிவெடுப்போம்.

டயாலிசிஸ் செய்து ஸ்டீராய்டை முழுக்க எடுக்கப் பார்த்தால் புரதமே வீழ்படியும். கார்ட்டிசால் போல இதைவிடப் பலவீனமாகப் பிடிப்பதை வைத்து உற்பத்தி செய்து, சோதிக்கும் மருந்தை மிகுதியாகக் கொடுத்து 4 டிகிரியில் இரவு முழுக்க இடம் மாற்றலாம். அதன்பின் ஃப்ளூரசீன் ஒட்டிய டிஃப்2 (ஏற்பியோடு ஒட்டும் துணைப் புரதம்) பெப்டைடின் போலரைசேஷனைப் பாருங்கள். அகோனிஸ்ட் (ஏற்பியைத் தூண்டுவது) உள்ளே இருந்தால் பெப்டைடு ஒட்டும், மதிப்பு ஏறும். ஆர்யு486 (ஏற்பியைத் தடுக்கும் மருந்து) போட்ட குழாயில் ஏறக் கூடாது. நல்ல கன்ட்ரோல் அது.

ஸ்டீராய்டின் பிணைப்பு வலிமையே எண்ணாக வேண்டுமென்றால் பாக்டீரியா புரதம் சரிப்படாது. ஹெச்எஸ்பி90 (மடிப்புக்கு உதவும் செல் புரதம்) உடன் இருக்கும் முழுநீள ஏற்பிதான் காலிக் குழியை ஹார்மோன் பிடிக்கும் நிலையில் வைத்திருக்கும். செல் சைட்டோசால் எடுத்து 20 மில்லிமோலார் சோடியம் மாலிப்டேட் சேர்த்து, எப்போதும் பனியில் வையுங்கள். மாலிப்டேட் இல்லாவிட்டால் அந்தக் கூட்டு பிரிந்துவிடும்.

செரின்602:
ட்ரேசர் சொல்வது சரி. கூடவே ஒன்று: 280 நானோமீட்டர் ஒளியில் புரதச் செறிவு பார்க்கும்போது பிளாங்க்காக அதே ஸ்டீராய்டு பஃபரையே வையுங்கள். இமிடசோலும் அங்கே கொஞ்சம் உறிஞ்சும்.