எரிபொருள் கலம்: மெல்லிய மின்பகுளியா, தடித்ததா?

கிண்டி மாணவன்: சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட்டுத் திட ஆக்சைடு எரிபொருள் கலம் (எரிவாயுவை எரிக்காமலே மின்சாரமாக்கும் செராமிக் கருவி) வைக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தார்கள். வைக்கலாம். ஆனால் இரு மின்முனைகளுக்கு நடுவே ஆக்சிஜன் அயனியைக் கடத்தும் மின்பகுளி 10 மைக்ரான்தான் இருக்க வேண்டும், கலத்தின் பாரத்தை ஆனோடு, அதாவது எரிவாயு படும் மின்முனை, தாங்கட்டும். மின்பகுளியான ஜிர்கோனியா செராமிக் மெலிந்தால் ஆக்சிஜன் அயனிக்குத் தடை குறையும். 850 டிகிரி தேவைப்பட்ட இடத்தில் 700, 750 போதும்.

பெரம்பூர் சூளை: திறன் கூடும் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆயுள்? ஆனோடில் இருப்பது நிக்கல். எரிவாயு நின்று, சூடு ஆறுமுன் காற்று புகுந்தால் அது ஆக்சைடாகிக் கன அளவில் ஏறத்தாழ 70 சதவீதம் பெருக்கும். அப்படிப் போன கலம் ஒன்றை நானே கழற்றியிருக்கிறேன். சாம்பல் நிற ஆனோடு ஓரமெல்லாம் பச்சை. மின்பகுளியில் தலைமுடி மாதிரி விரிசல். 150 மைக்ரான் மின்பகுளியே பாரம் தாங்கினால் ஆனோடு வெறும் பூச்சுதான். அது உப்பினாலும் கலம் பெரும்பாலும் தப்பும்.

கிண்டி மாணவன்: அது எரிவாயுக் குழாயின் குற்றம் அண்ணா. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஆனோடு தாங்கிய கல அடுக்கு 2007 ஆகஸ்ட் முதல் 2019 ஜனவரி வரை 700 டிகிரியில் ஓடியதே!

பெரம்பூர் சூளை: ஆய்வகத்தில், ஒரே சீராக. இங்கே கரண்ட் போனால்தான் ஓட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறும்போது வாயு கசியாமல் ஓரத்தை மூடும் கண்ணாடி அடைப்பும் கலமும் ஒரே அளவில் விரியாவிட்டால் கசிவுதான்.

எண்ணூர்க் காற்று: இரண்டு பேரும் கலத்தையே பார்க்கிறீர்கள். அடுக்கில் கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே இருக்கும் எஃகுத் தகட்டைப் பாருங்கள். அதில் சுமார் 22 சதவீதம் குரோமியம். சூட்டில் ஈரக்காற்று பட்டால் குரோமியம் ஆவியாகி, காற்று படும் மின்முனையான கேத்தோடில் படியும். ஆக்சிஜன் வினைபுரியும் இடமே அடைபடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். மாங்கனீசு-கோபால்ட் பூச்சு இல்லாத தகட்டை வாங்கவே கூடாது. வெப்பம் குறைந்தால் ஆவியாவதும் குறையும், அதில் நான் மாணவன் பக்கம். ஆனால் குறைந்த சூட்டுக்கான கேத்தோடில் ஸ்ட்ரான்சியம் உண்டு. அது ஜிர்கோனியாவைத் தொட்டால் மின்தடைப் படலம் உண்டாகும். நடுவே சீரியா (சீரியம் ஆக்சைடு) அடுக்கு கட்டாயம்.

கிண்டி மாணவன்: சரி, பூச்சும் சீரியாவும் சேர்த்துக்கொள்கிறேன். கலம் நாள் முழுக்க ஓடட்டும், கரண்ட் போகும் நேரத்துக்குப் பேட்டரி. அப்புறம் அண்ணாவுக்கு என்ன ஆட்சேபம்?

பெரம்பூர் சூளை: பாதி போய்விட்டது. மீதி இதுதான்: எரிவாயு நின்ற அந்த நிமிடமே ஆனோடுக்கு நைட்ரஜன் போக வேண்டும். அந்த சிலிண்டருக்கும் வால்வுக்கும் சேர்த்து விலை போட்டுக் காட்டுங்கள், பேசுவோம்.