40 வீட்டுச் சமையலறைக் கழிவு, 2 தொட்டி: நாற்றம் அடங்கவில்லை

கேள்வி:
குப்பைக் கிடங்கில் உருவாகும் மீத்தேனைக் குறைக்கத்தான் எங்கள் குடியிருப்புக் குழு மக்கு உரம் போட ஆரம்பித்தது. தினமும் ஏறக்குறைய 20 கிலோ கழிவு. ஒரு கன மீட்டர் தொட்டிகள் இரண்டு. மூன்றாவது வாரமே அழுகிய முட்டை நாற்றம், அடியில் கறுப்புத் தண்ணீர். நுண்ணுயிர்க் கரைசல் வாங்கித் தெளித்தால் சரியாகுமா?

பதில்:
கரைசலுக்குக் காசைக் கரைக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று இல்லை என்று பொருள். காற்றில்லாத தொட்டியும் ஒரு குட்டிக் குப்பைக் கிடங்குதான், அதே மீத்தேனை விடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும்.

இன்றே தொட்டியைக் காலி செய்து, சருகு கலந்து, திரும்ப நிரப்புங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சிகள். அதன்மேல் ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி நொறுக்கிய சருகு. முழு இலை வேண்டாம், ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றை அடைத்துவிடும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் இன்னும் சருகு. மூன்று நான்கு நாளுக்கொரு முறை கிளறுங்கள். நடுவில் 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நிற்க வேண்டும், நோய்க்கிருமி சாக அது போதும். கிளறும்போது ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுங்கள்.

வேறொரு பதில்:
கலவை சரியானாலும் இரண்டு தொட்டி போதாது. 20 கிலோ என்பது சுமார் 40 லிட்டர், சருகோடு சேர்த்தால் நாளுக்கு 120. அமுங்கிக்கொண்டே போவதால் ஒரு தொட்டி இரண்டு வாரம் தாங்கும். நிரம்பியபின் இரண்டு மாதம் சும்மா கிடக்க வேண்டும். ஆக ஐந்து தொட்டியாவது வேண்டும். இல்லாவிட்டால் எட்டு வீட்டோடு மட்டும் ஆரம்பியுங்கள். பதினாறு வீடு வரை இரண்டு தொட்டியில் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டு மாத ஓய்வு கிடைக்காது.

கேட்டவர்:
சருகுக்கு எங்கே போவது? நாளுக்கு 80 லிட்டராயிற்றே!

பதில்:
பெரும்பாலான குழுக்கள் படுத்துவிடுவது இங்கேதான். இலை உதிரும் பருவத்திலேயே மூட்டை கட்டி, மழை படாமல் அடுக்குங்கள். மாதத்துக்கு 2,400 லிட்டர், அதாவது 50 லிட்டர் மூட்டை 48. பற்றாக்குறைக்கு மெழுகு பூசாத அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடலாம். மரத்தூள் என்றால் ரசாயனம் ஏறாத மரத்துடையது மட்டும், அதுவும் கொஞ்சமாக, ஏனென்றால் தனியாகப் போட்டால் இறுகிவிடும். சருகு அளவுக்கு மீறினால் சூடே ஏறாது. குறைந்தால் மூக்கை அரிக்கும் அமோனியா நெடி வரும்.

வேறொரு பதில்:
தொங்கு தராசில் தினமும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். எத்தனை கிலோ கிடங்குக்குப் போகவில்லை என்று சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம். அதை இத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று பெருக்கிப் பலகையில் எழுதும் முன், நீங்கள் உரமாக்காவிட்டால் அந்தக் கழிவு எங்கே போயிருக்கும் என்று பாருங்கள். கிடங்கு மீத்தேனைக் குழாயில் பிடித்து எரிப்பதாக இருந்தால் கணக்கு வேறு.