மறு: "வெளியீட்டு வேட்பாளர்" வேண்டாம், மெய்ப்பு என்போமா?

வணக்கம்.

வைன் மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்புக்கு நாம் எழுதிய தமிழ் வரைவை நேற்று ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். கணினித் துறைக்காரர் இல்லை, ஆனால் தமிழ் நிறைய வாசிப்பவர். "இரண்டாம் வெளியீட்டு வேட்பாளரில் ஏழு பின்னடைவுகள் உள்ளன, உறைவு தொடர்கிறது" என்ற வரி வந்ததும் நிறுத்தி, எந்தத் தொகுதி என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அந்த வரியில் நாம் இங்கே மாதக்கணக்கில் பேசி முடிவு செய்த கலைச்சொற்கள் மூன்று இருக்கின்றன (ரிலீஸ் கேண்டிடேட்டுக்கு வெளியீட்டு வேட்பாளர், ரெக்ரெஷனுக்குப் பின்னடைவு, ஃப்ரீஸுக்கு உறைவு), தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி, சேர்த்து வைத்தால் வாக்கு எண்ணிக்கை நிலவரம்.

ஆகவே மூன்றையும் மறுபடி கிளறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் மொழிபெயர்ப்பது வைன் திட்டத்தின் வெளியீட்டுக்கால அறிவிப்புகளை. விண்டோஸுக்காக எழுதிய நிரல்களை லினக்ஸிலும் மேக்கிலும் ஓட்டுகிற இணக்க அடுக்கு அது (இணக்கமா, ஒத்தியல்பா, பொருந்துமையா என்று போன வருடம் போட்ட சண்டை போதும், இணக்கமாகவே போவோம்). 1993இல் தொடங்கிய திட்டம், 1.0 என்ற எண்ணைத் தொட 2008 ஜூன் 17 வரை ஆயிற்று. 2017 ஜனவரியில் வந்த 2.0 முதல் வருடத்துக்கு ஒரு பெரிய வெளியீடு என்று வைத்துக்கொண்டார்கள். மற்ற நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு வளர்நிலைப் பதிப்பு வந்துகொண்டிருக்கும், டிசம்பர் தொடக்கத்தில் புதிய வசதிகளுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் வாரம் ஒரு ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட்டின் சுருக்கம்), ஜனவரியில் நிலைப்பதிப்பு. நமக்கு வேலை வருவது அந்த ஆறேழு வாரத்தில்தான், அந்த வாரங்களில் வரிக்கு வரி வருகிறவை இந்த மூன்று சொற்கள்தான்.

முதலில் உறைவு. "டிசம்பரில் நிரல் உறையும்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு என்ன தோன்றும்? சாளரம் அப்படியே நின்றுபோய், எலியை அசைத்தாலும் நகராமல், கடைசியில் வலுக்கட்டாயமாக மூட வேண்டியிருக்குமே, அது. அதையும் நாம் உறைதல் என்றுதான் சொல்கிறோம். பயனர் புகார் செய்கிற ஒரு கோளாறுக்கும் குழு திட்டமிட்டு எடுக்கிற ஒரு முடிவுக்கும் ஒரே சொல் என்றால் குறிப்பை எப்படிப் படிப்பது? முடக்கம் இன்னும் மோசம். கணக்கை முடக்கினார்கள், தளத்தை முடக்கினார்கள் என்று கேட்டுக் கேட்டு, திட்டத்துக்கே யாரோ தடை போட்டுவிட்டதாகத்தான் காதில் விழும். தவிரவும், அந்த வாரங்களில் எதுவும் உறைவதில்லை, முடங்குவதும் இல்லை. வருடத்திலேயே அதிகமாகத் திருத்தம் பார்க்கிற நாட்கள் அவை. புதிய வசதி வராது, பழுது நீக்கம் வரும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு கட்டம் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது என்று யோசித்தபோது அச்சகம் நினைவுக்கு வந்தது. மெய்ப்பு. அச்சுக்கோத்த பக்கம் கைக்கு வந்துவிட்டது, பிழை எதுவும் அகப்படாவிட்டால் இதுவே புத்தகம். அகப்பட்டால் திருத்தி அடுத்த மெய்ப்பு எடுப்பார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் வந்து நடுவில் இன்னொரு அத்தியாயம் சேர்க்கலாமா என்று கேட்டால் அச்சகத்தில் என்ன பதில் கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். ஆர்சி என்பது அப்படியே இதுதானே! குறை தென்படாவிட்டால் இதே பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு நிலைப்பதிப்பாகப் போகும். வேட்பாளர் என்ற சொல் மூலத்தின் உருவகத்தைத் தூக்கிவந்து வைக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று வாசிப்பவருக்குச் சொல்லவில்லை. மெய்ப்பு என்றால் பார், பிழை பிடி, திருப்பி அனுப்பு என்று சொல்லாமலே புரிகிறது. முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, இறுதி மெய்ப்பு என்று எண்ணிக்கொண்டும் போகலாம். அப்படி வைத்தால் உறைவுக்குத் தனிச்சொல்கூட வேண்டியதில்லை, அது மெய்ப்புக்காலம். "மெய்ப்புக்காலம் தொடங்கிவிட்டது, இனி புதிய வசதிகள் அடுத்த சுற்றில்தான்." யாரும் தொகுதி கேட்க மாட்டார்கள்.

வெள்ளோட்டம் என்ற சொல்லையும் யோசித்தேன், அழகான சொல், ஆனால் அதைப் பீட்டா பதிப்புக்குப் பலர் புழங்குகிறார்கள், பிடுங்க வேண்டாம்.

அடுத்தது பின்னடைவு, தலைவலி இங்கேதான். முந்தைய பதிப்பில் ஒழுங்காக ஓடியது, நடுவில் யாரோ செய்த மாற்றத்தால் புதிய பதிப்பில் ஓடவில்லை, இதற்குத்தான் சொல் தேடுகிறோம். பின்னடைவு என்றால் பொத்தாம்பொதுவாக ஏதோ சறுக்கல் என்றுதான் தோன்றுகிறது. சிலர் மீள்வழு என்கிறார்கள். அது பழைய வழு திரும்பி வந்ததாக ஆகிறது, இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை, வந்தது புதுசு, கெட்டதுதான் பழசு. திருத்தவழு என்றும் எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுப் படித்தால் வழுவைத் திருத்தச் சொல்வதுபோல இருக்கிறது.

என் பரிந்துரை: இடைவழு. பழம்பாடல்களில் பின்னால் வந்த ஒருவர் நுழைத்த வரிகளை இடைச்செருகல் என்கிறோம் அல்லவா, அந்த இடை. மூலத்தில் இல்லை, இப்போது இருக்கிறது, ஆகவே நடுவில் ஏதோ ஒரு கட்டத்தில் நுழைந்திருக்கிறது. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் கருவியில் பைசெக்ட் செய்தவர்களுக்கு, அதாவது அந்த மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டித் தேடியவர்களுக்கு, இந்தச் சொல் உடனே பிடிபடும். 2025 ஜனவரி 21இல் வந்த 10.0 பதிப்பில் 6,000க்கு மேற்பட்ட மாற்றங்கள். 9.0இல் ஓடியது 10.0இல் ஓடவில்லை என்றால் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம், நட்டநடுவில் ஒன்றை எடுத்துத் தொகுத்து ஓட்டிப் பார், நல்லதா கெட்டதா சொல், மிச்சம் பாதி. பதின்மூன்று தடவை பாதி பாதியாக வெட்டினால் குற்றவாளி கையில். நான் முதல்முறை செய்தபோது ஐந்தாவது சுற்றில் தூக்கக் கலக்கத்தில் கெட்டதை நல்லது என்று தட்டிவிட்டு, விடியற்காலையில் அது காட்டிய குற்றவாளி யாரென்று பார்த்தால் ஒரு விளக்கக் குறிப்பில் காற்புள்ளி திருத்திய அப்பாவி. அது என் தவறு, கருவியின் தவறில்லை. ஆனால் இடையில் தேடுவது என்றால் என்ன என்று அன்றைக்கு உடம்பில் ஏறிவிட்டது.

வழு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு லாபமும் இருக்கிறது. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாகச் சொல்லிவிட்டு, காரணம் கருதி ஏற்றுக்கொள்ளும் வழுவுக்கு வழுவமைதி என்றும் இடம் தருகிறது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை வழுதான், ஆனால் பாசத்தில் சொன்னது, ஆகட்டும். வைனில் பாதி வேலை இதுதான். விண்டோஸ் ஒரு இடத்தில் தப்பாக நடந்தாலும், அந்தத் தப்பை நம்பி நிரல்கள் எழுதப்பட்டுவிட்டதால், வைனும் அதே தப்பை அப்படியே செய்தாக வேண்டும், சரியாகச் செய்தால் நிரல் விழுந்துவிடும். வெளியே தெரிந்த உதாரணம் எக்செல்: 1900ஆம் ஆண்டை அது நெட்டாண்டு என்று எண்ணுகிறது, இல்லாத பிப்ரவரி 29ஐக் கணக்கில் வைக்கிறது, ஏனென்றால் அதற்கு முன்னால் இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரல் அப்படித்தான் எண்ணியது, பழைய கோப்புகளின் தேதிகள் பிசகக் கூடாது. வழுவுக்கு வழு இணக்கம் என்று நாம் முக்கி முக்கி எழுதியிருக்கிறோமே, அது வழுவமைதி. சொல் நம்மிடம் எப்போதோ தயாராக இருக்கிறது.

அந்த வேகத்தில் நிலைப்பதிப்பை வழாநிலைப் பதிப்பு ஆக்கலாமா என்று கைகூட நீண்டது. வேண்டாம், பொய்யாகிவிடும். நிலைப்பதிப்பு என்றால் வழுவே இல்லாதது என்று அர்த்தமில்லை, இருக்கிற வழுக்கள் நமக்குத் தெரிந்தவை என்றுதான் அர்த்தம்.

சொல்லுங்கள்.

* * *

மேலே உள்ளதற்குப் பதில்:

வழுவமைதிக்கு இரண்டு கையும் தூக்குகிறேன், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மெய்ப்பில் எனக்குத் தயக்கம். அச்சகத்தில் நீங்கள் காலம் கழித்திருக்கலாம், இப்போது படித்து வருகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மெய்ப்பு என்றால் தெரியும்? உருவகம் தெரியாவிட்டால் அது இன்னொரு தெரியாத சொல், அவ்வளவுதான். நிரல் எழுதுகிறவர்கள் ஆர்சி என்றுதான் சொல்கிறார்கள், சொல்லப்போகிறார்கள். கோப்பின் பெயரிலும் அதுதான் இருக்கிறது, பதிவிறக்கப் பக்கத்தில் மெய்ப்பு என்று தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இடைவழு... தேர்தலிலிருந்து தப்பிக்கிறேன் என்று கிளம்பி இடைத்தேர்தலில் போய் நின்றிருக்கிறீர்கள். அதோடு, இடைக்கால வழு, சில நாளில் தானாகப் போய்விடும் என்று யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா? இவற்றில் சில வருடக்கணக்கில் கிடக்கின்றன.

* * *

பதிலுக்குப் பதில்:

இடைத்தேர்தலை நான் யோசிக்கவே இல்லை, சிரித்துவிட்டேன், அந்த நண்பருக்கும் அனுப்பிவிட்டேன்.

ஆர்சி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பதிப்பின் பெயரை நாம் மாற்றக் கூடாது. 10.0-ஆர்சி2 என்று இருப்பது அப்படியே இருக்கட்டும், அது பெயர்ப்பலகை. ஆனால் ஓடும் உரைநடையில், "இந்த ஆர்சியை ஓட்டிப் பார்த்து..." என்று எழுதும் இடத்தில், மெய்ப்பு என்றே எழுதுவோம், ஒவ்வொரு அறிவிப்பிலும் முதல் தடவை வரும்போது "10.0-ஆர்சி2, அதாவது இரண்டாம் மெய்ப்பு" என்று ஒரு முறை சேர்த்துச் சொல்லிவிடலாம். மெய்ப்பு தெரியாத பிள்ளைகளுக்கு வேட்பாளர் தெரியும், அதுதான் பிரச்சினையே. தெரியாத சொல்லைக் கற்றுக்கொள்வார்கள், தெரிந்த சொல்லைத் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

இடைவழு தற்காலிகமாகத் தொனிக்கிறது என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தனியாக நின்றால் அந்தக் குழப்பம் வரலாம். ஆனால் குறிப்புகளில் இது தனியாக நிற்பதே அரிது, கூடவே எந்தப் பதிப்பில் நுழைந்தது என்ற விவரம் வரும். "9.0இல் இல்லாத இடைவழு, 9.12இல் நுழைந்தது." இந்த வரியில் இடைக்காலம் என்று யார் படிப்பார்கள்? இதே வரியில் பின்னடைவு என்று போட்டுப் பாருங்கள், "9.12இல் நுழைந்த பின்னடைவு", பின்னடைவு எங்கேயாவது நுழையுமா? சொல்லோடு வினை ஒட்டவில்லை. நான் எந்தக் கலைச்சொல்லையும் இப்படித்தான் சோதிக்கிறேன், அகராதியில் நிறுத்தி வைத்துப் பார்ப்பதில்லை, அன்றாடம் வருகிற வினைச்சொல் நாலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வழு நுழையும், அகப்படும், நீங்கும், தங்கும். மெய்ப்பு எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம்.

தங்கும் என்றதும் ஞாபகம் வருகிறது, சோதனைத் தொகுப்பு பற்றிய பத்தியில் ஒரு வரியை நாம் தப்பாக மொழிபெயர்த்திருக்கிறோம். வைன் தன் சோதனைகளை உண்மையான விண்டோஸிலும் ஓட்டுகிறது, அங்கே வருகிற விடைதான் சரியான விடை. வைன் இன்னும் அந்த விடையைத் தராத இடங்களில் செய்யவேண்டியது என்று ஒரு அடையாளம் போட்டு வைப்பார்கள். நம் வரைவில் அதை "தவிர்க்கப்பட்ட சோதனை" என்று எழுதியிருக்கிறது. தவிர்ப்பதில்லை, ஓட்டத்தான் செய்கிறார்கள். தோற்கும் என்று எதிர்பார்த்து ஓட்டுகிறார்கள், ஒரு நாள் அது எதிர்பாராமல் வென்றுவிட்டால் அதையும் தவறு என்று காட்டும், அடையாளத்தை எடுக்க மறந்துவிட்டாய் என்று. நிலுவைச் சோதனை என்று மாற்றியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் சொற்கோப்பில் மெய்ப்பு, மெய்ப்புக்காலம், இடைவழு, வழுவமைதி நான்கையும் ஏற்றிவிடுகிறேன். ஸ்டப்புக்கு மட்டும் இன்னும் ஒன்றும் அமையவில்லை. பெயர் இருக்கும், கூப்பிட்டால் பதில் வரும், உள்ளே வேலை எதுவும் நடக்காது, அப்படிப்பட்ட செயற்கூறு. பெயரளவுச் செயற்கூறு என்று எழுதி வைத்திருக்கிறேன், நீளம். யாருக்காவது சின்னதாகத் தோன்றினால் சொல்லுங்கள், வெளியீட்டுக் குறிப்பிலேயே அது பதினொரு இடத்தில் வருகிறது.