புதுப்பிப்பு: கர்ப்ப காலத்தில் சுற்றுலாக் கப்பல் – போய் வந்துவிட்டோம்

ஆறாம் மாதத்தில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்லும் சுற்றுலாக் கப்பலில் ஏறலாமா என்று ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

வாரக் கணக்கை ஏறும் நாளுக்கு அல்ல, இறங்கும் நாளுக்குப் பாருங்கள் என்று ஒரு சகோதரி எழுதியதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஏறும்போது 23 வாரம் 4 நாள் என்பதால் கவலையில்லை என்றிருந்தோம். ஐந்து இரவு கழித்து இறங்கும்போது 24 வாரம் 2 நாள் ஆகியிருக்கும். பயணம் முடிவதற்குள் 24 வாரத்தைத் தொடுபவர்களைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, ஏனெனில் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் வசதி கப்பலின் மருத்துவ அறையில் இருப்பதில்லை. ஆகவே இரண்டு வாரம் முன்னதாகவே கிளம்பினோம். கர்ப்ப வாரம், பிரசவத் தேதி, பயணத்துக்குத் தகுதி ஆகிய மூன்றும் எழுதிய மருத்துவர் கடிதத்தை ஏறுமுன் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

எதிர்பாராதவை இரண்டு. எங்கள் பயணக் காப்பீடு கர்ப்பம் சார்ந்த செலவை ஏற்காது என்பதைப் பணம் கட்டிய பின்னரே படித்தேன். நீங்கள் முன்பே படியுங்கள். அடுத்தது, கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு முதல் இரவே குமட்டல். "வத்தையில் போய் வந்தவளுக்குக் கப்பலில் மயக்கமா?" என்று (வத்தை என்பது எங்கள் பக்கத்துச் சிறு படகு) மாமியார் இன்றும் சிரிக்கிறார். மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்த டாக்சிலமைன், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரையும், ஆட்டம் குறைவான கீழ்த்தளத்து நடு அறையும் மறுநாளே நிலைமையைச் சரிசெய்தன.