மாமா போனில் புகுந்த ஏபிகே: அடுத்து என்ன செய்யலாம்?

வணக்கம். ஆண்ட்ராய்டு போன் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

கோவில்பட்டியில் இருக்கும் என் மாமாவுக்குப் போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வண்டி எண் சரியாக இருந்ததால் நம்பிவிட்டார். கூடவே வந்தது பிடிஎஃப் இல்லை, 'ஆர்டிஓ சலான்' என்ற பெயரில் ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கிறது, கொடுத்துவிட்டார். அப்புறம் திரையில் ஐகானையே காணோம். வங்கி அனுப்பும் ஓடிபியை இது அப்படியே திருடனுக்குத் தள்ளிவிடும் என்பதுதான் எங்கள் பயம். அவர் எண்ணிலிருந்தே சொந்தக்காரர்கள் சிலருக்கும் அதே ஃபைல் போயிருக்கிறது. தெரிந்தவர் அனுப்பியது என்று யாரும் திறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னோம்.

சிம்மைக் கழற்றி வைஃபையை அணைத்தாச்சு. வங்கியில் சொல்லி நெட் பேங்கிங், யுபிஐ இரண்டையும் நிறுத்திவிட்டோம். சைபர் குற்றப் புகார் எண் 1930க்கும் பேசியாச்சு. நல்லவேளை, பணம் இதுவரை போகவில்லை.

இப்போது ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்தால் அந்த ஆப் முழுசாகப் போய்விடுமா? பேரன் பேத்தி போட்டோக்கள் எல்லாம் அந்த போனில்தான் இருக்கின்றன, அவற்றை மட்டும் பத்திரமாக எடுக்க வழி உண்டா? கூகுள் பாஸ்வேர்டை என் போனிலிருந்து மாற்றினால் போதுமா, வாட்ஸ்அப்பையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா?

இன்னொன்று: வாட்ஸ்அப்பிலிருந்து ஏபிகே நிறுவவே முடியாதபடி அமைப்பை மாற்றித் தர வேண்டும். அவருடையது பழைய ஆண்ட்ராய்டு. எந்த மெனுவில் போய் அணைப்பது என்று படிப்படியாகச் சொன்னால், அத்தை போனிலும் இன்றைக்கே செய்துவிடுவேன்.